தள்ளிப்போட்ட வியாழக்கிழமை

நாலு மணிக்குத்தான் மேலே விடுவோம் என்று ஆஸ்பத்திரி வாசலில் நின்ற செக்யூரிட்டிப் பெண் சொல்லிவிட்டாள். மணி மூன்று இருபது. நாற்பது நிமிஷம் என்ன செய்வது, உட்கார வேண்டியதுதான் என்று பூங்கோதை உட்கார்ந்தாள். இருபத்தோரு வருஷமாக ரயிலுக்கு முன்னால் போய் நின்று பழகிய கால்கள், கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் அவளை முன்கூட்டியே கொண்டுபோய் நிறுத்திவிடும். மடியில் பை, பைக்குள் நாலு சாத்துக்குடி. உள்ளே கொண்டுபோக விடுவார்களா என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் கூடாது என்பார்கள், அப்புறம் கையை எங்கே வைத்துக்கொள்வது. எதிர்ச்சுவரில் டிவி சத்தமில்லாமல் ஓடியது, ஒருத்தி சிரித்துக்கொண்டே வாணலியில் எதையோ போட்டாள், எடுத்தாள், மறுபடியும் போட்டாள். சொல்லிவிட வேண்டும். இன்றைக்குச் சொல்லாவிட்டால் இனி என்றைக்கும் வாய் வராது. தமா, அன்னைக்கு உன்னை ஸ்கேனுக்குப் போகவிடாம பண்ணது நான்தான், என்னை மன்னிச்சிடு. இவ்வளவுதான். இதைச் சொல்ல எத்தனை நேரம் ஆகும், ஒரு ஸ்டேஷனில் ரயில் நிற்கிற நேரம்கூட ஆகாது. ஆனால் மதியம் அரக்கோணத்தில் ஏறும்போது முழுசாக இருந்த வாக்கியம் திருவள்ளூர் வருவதற்குள் கொஞ்சம் தேய்ந்தது. ஆவடியில் அது 'நாம எல்லாருமா சேர்ந்து' என்று ஆகிவிட்டது. வில்லிவாக்கத்தில் 'யாருக்குடி தெரியும் இப்படி ஆகும்னு' என்று ஆனது. இறங்கும்போது பார்த்தால் வாயில் ஒன்றுமே இல்லை, எச்சில் மட்டும்தான் இருந்தது. இப்போது மறுபடி முதலிலிருந்து கோத்துக்கொண்டிருந்தாள்.

தமயந்தியும் அவளும் சொந்தமில்லை, ஒரே ஊர் இல்லை, ஒரே ஆபீஸ் இல்லை. ஏழு பத்து லோக்கலில் மகளிர் பெட்டி, அவ்வளவுதான் உறவு. பூங்கோதை அரக்கோணத்தில் ஏறி இரண்டு கைக்குட்டை போடுவாள், ஒன்று தனக்கு, ஒன்று கடம்பத்தூரில் ஏறப் போகிறவளுக்கு. இடையில் எந்தக் கொம்பன் பெண்டாட்டி வந்து கேட்டாலும் ஆள் வருது என்பாள். ஆள் வரும். தமயந்தி, எழும்பூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். ஏறியதும் உட்கார மாட்டாள், முதலில் பெட்டியைத் தலையெண்ணிப் பார்ப்பாள், யாரு வரலை இன்னைக்கு, எஸ்தர் வரலையா, அவ பையனுக்குக் காய்ச்சலா, அப்புறம்தான் உட்காருவாள். அந்தப் பெட்டியில் வளைகாப்பு நடந்திருக்கிறது, ரிட்டயர்மென்ட் நடந்திருக்கிறது, ஒருத்திக்கு மாப்பிள்ளையே பார்த்து முடித்திருக்கிறார்கள். வீட்டில் சொல்ல முடியாததை எல்லாம் அங்கே சொல்லலாம், பேசின்பிரிட்ஜ் தாண்டியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிவிடலாம். தமயந்தியின் வீட்டுக்காரர் போன பதினாறாம் நாள் அவள் ரயிலுக்கு வந்துவிட்டாள், வீட்டுல இருந்தா சுவரு பேசுதுடி என்றாள். பூங்கோதை அன்றைக்குச் சன்னலோரத்தை அவளுக்குக் கொடுத்தாள், அதற்கப்புறம் திரும்பக் கேட்கவே இல்லை, அது ஒன்பது வருஷம் இருக்கும். அதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். அதை வைத்து இதைக் கழித்துக்கொள்ள முடியுமா என்ன. கணக்கு டீச்சரிடம் போய் அப்படி ஒரு கணக்குச் சொல்ல முடியுமா.

பூங்கோதைக்கு அந்தப் பெட்டியில் டாக்டரம்மா என்று பெயர். படித்தது பி.காம்., வேலை மருந்துக் கிடங்கில் குமாஸ்தா. பெட்டி பெட்டியாக வரும் மருந்துகளின் பெயர் எழுதி எழுதி, எது எதற்கு என்று பாதி தெரியும், மீதியை அவளே சேர்த்துக்கொள்வாள். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. அவளுடைய கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, அட்டை அட்டையாய் மாத்திரை இருக்கும். வயிற்றுக்கு, காய்ச்சலுக்கு, வீட்டு விலக்கு வலிக்கு. ஒருத்திக்குக் கொடுத்துச் சரியாகிவிட்டால் நாலு பேரிடம் சொல்வாள், டாக்டரம்மா கை ராசி. அந்தக் கேலி அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. பொய் சொல்வானேன், ரொம்பவே பிடித்திருந்தது. ஆபீஸில் அவளை ஒருவரும் எதற்கும் கேட்பதில்லை, வீட்டிலும் அப்படித்தான். அந்த ஒன்றரை மணி நேரம்தான் நாலு பேர் அவள் வாயைப் பார்ப்பார்கள். ஆனி மாசமோ ஆடியோ, தமயந்தி நெற்றியை அழுத்திக்கொண்டு ஏறினாள். குனிஞ்சா தலை வெடிக்குதுடி கோதை, நிமிர்ந்தா சரியாகுது. பூங்கோதை ஒரு பாராசிட்டமால் எடுத்துக் கொடுத்தாள், தண்ணி பாட்டிலைத் திறந்து கொடுத்தாள், தைலத்தையும் தேய்த்துவிட்டாள். மறுநாளும். அதற்கு மறுநாளும். ஐம்பத்திரண்டு வயசுல தலை வலிக்காம என்னடி செய்யும், தீட்டு நிக்கிற நேரம் வந்துடுச்சு, எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு என்றாள். அவளுக்கு அப்படி இருக்கவே இல்லை. சும்மா சொன்னாள், ஆறுதலுக்கு. ஆறுதலுக்கா, வாய்க்கு வந்ததாலா, இப்போது பிரித்துப் பார்க்க முடியவில்லை.

குனிந்தால் வலிக்கிறது, நிமிர்ந்தால் சரியாகிறது. இதைத்தான் பெரிய டாக்டர் பிற்பாடு தமயந்தியின் மகளிடம் சொன்னாராம், அது முக்கியமான அறிகுறிம்மா, உள்ளே ஒரு கட்டி வழியை அடைத்து அடைத்து விடுகிறது, மூளைத் தண்ணீர் தேங்குகிறது என்று. பூங்கோதையிடம் அதே வார்த்தையில் ஜூலையிலேயே சொல்லியாகிவிட்டது. மார்க் லிஸ்டில் கூட்டல் தப்பியது, அதையும் தமயந்தி சொன்னாள். எட்டாங்கிளாஸ் பிள்ளை வந்து டீச்சர் டோட்டல் தப்பு டீச்சர்னு சொல்லுதுடி, எனக்கு எப்படி இருக்கும். பெட்டியே சிரித்தது. பூங்கோதை உரக்கச் சிரித்தாள். தமயந்தியும் சிரித்தாள், ஆனால் சிரித்து முடித்தபின் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள், அது நன்றாக ஞாபகம் இருக்கிறது, திருநின்றவூர் ஏரியில் தண்ணீர் இல்லை, மாடு மேய்ந்தது. பள்ளியில் யாரோ சொல்லி ஸ்கேனுக்கு டோக்கன் போட்டாள். வியாழக்கிழமை காலை ஒன்பது மணி. அந்த வியாழக்கிழமைதான் ரயிலில் ஆயுத பூஜை. மறுநாள் லீவு என்பதால் வருஷா வருஷம் முதல் நாளே பெட்டியில் கொண்டாடிவிடுவார்கள். வாசலில் வாழைக்கன்று, கம்பிக்குக் கம்பி கலர் பேப்பர், பொரி, கடலை, டிரைவருக்கு முதல் சுண்டல். தரையில் சாக்பீஸால் கோலம், அது தமயந்தி வேலை. ஓடுகிற ரயிலில் பதினைந்து புள்ளி வரிசையை ஸ்கேல் வைத்த மாதிரி வைப்பாள். பக்கத்துப் பெட்டிக்காரிகள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அதில் பூங்கோதைக்கு ஒரு அலாதி சந்தோஷம். இந்தத் தடவை நான் வரலைடி, ஸ்கேன் இருக்கு என்று தமயந்தி சொன்னபோது பூங்கோதைதான் பிடித்துக்கொண்டாள். நீ இல்லாம யாருடி கோலம் போடுவா? அவளுங்க முன்னாடி மானம் போயிடும். ஸ்கேன் எங்க ஓடிடப் போகுது, அடுத்த வாரம் போ. நானே கூட வரேன், தலையில உனக்கு ஒண்ணும் இல்லை, நான் சொல்றேன். நான் சொல்றேன். அந்தக் கடைசி இரண்டு வார்த்தையை மட்டும் தனியாக எடுத்து யாராவது பேச்சுக்குள்ளிருந்து கத்தரித்துவிட்டால் தேவலை.

தமயந்தி வந்தாள். கோலம் போட்டாள். புள்ளி கோணிப்போயிற்று, அழித்தாள், மறுபடி வைத்தாள், மறுபடி கோணிப்போயிற்று. ரயில் ஆடுதுடி இன்னைக்கு என்றாள். ரயில் என்றைக்கு ஆடாமல் இருந்தது. டீச்சருக்கே கணக்கு தப்புது என்று யாரோ கேலி செய்ய, பூங்கோதை சாக்பீஸை வாங்கிப் பாதியை முடித்தாள், பக்கத்துப் பெட்டிக்காரிகள் வந்து பார்த்துச் சிரித்தார்கள். அப்போது அவளுக்குத் தமயந்தி மேல் கோபம்தான் வந்தது. அதையும் மறைக்காமல் நினைத்துப் பார்த்துக்கொண்டாள், கோபம்தான். அடுத்த வாரமும் தமயந்தி ஸ்கேனுக்குப் போகவில்லை, பரீட்சைப் பேப்பர். அப்புறம் தீபாவளி, அப்புறம் மழை, அப்புறம் மார்கழி. கூட வருகிறேன் என்றவள் ஒரு தடவைகூட நினைவுபடுத்தவில்லை. இதற்கு நடுவில் கார்த்திகையில் பூங்கோதைக்குக் கழுத்தில் பட்டாணி அளவு ஒரு கட்டி தட்டுப்பட்டது. தொட்ட மூன்றாவது நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு ஓடினாள் டாக்டரிடம், ஊசி போட்டு எடுத்துப் பரிசோதித்து ஒன்றுமில்லை என்று சொல்லும்வரை சோறு இறங்கவில்லை. அதை ரயிலில் மூச்சு விடவில்லை. ஊருக்குத்தான் உபதேசம், தனக்கு ஸ்பெஷலிஸ்ட். பொங்கல் கழிந்த திங்கட்கிழமை கடம்பத்தூர் பிளாட்பாரத்தில் ரயில் நின்றது, சன்னல் வழியாகக் கைக்குட்டையை ஆட்டினாள் பூங்கோதை, தமயந்தி பார்த்தாள், சிரித்தாள், ஒரு காலை எடுத்து வைத்தாள், அப்படியே மடிந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் சாய்ந்தாள். பிளாட்பாரத்துக்கு ஓடி அவள் தலையை மடியில் எடுத்து வைத்தபோது பூங்கோதை முதலில் தேடியது தைலத்தை. இருபது நாளாகிறது. பெட்டியில் எல்லோரும் சொன்னார்கள், தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு, உசுரு பொழைச்சாளே. பூங்கோதையும் ஆமாம் ஆமாம் என்றாள். சன்னலோரத்தில் கைக்குட்டை போடுவதை அவள் இன்னும் நிறுத்தவில்லை.

"ஆன்ட்டி" என்று குரல் கேட்டது. அபிநயா, தமயந்தியின் ஒரே மகள், வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. கையில் அட்டெண்டர் பாஸ், தலைமுடியை வாரி நாலு நாள் இருக்கும். அம்மாவின் தாடை அப்படியே. எழுந்து நின்ற பூங்கோதையை அந்தப் பெண் சட்டென்று கட்டிக்கொண்டது. "நல்லவேளை வந்தீங்க ஆன்ட்டி. உங்களைப் பாத்தா பேசுவாங்க. நேத்து முழுக்க கோதை எங்க, ரயிலுக்கு நேரமாச்சான்னுதான்." லிஃப்ட்டை நோக்கி நடந்துகொண்டே விவரம் சொன்னாள். "பழசெல்லாம் இருக்கு. போன வருஷம் கொஞ்சம் கலங்கலா இருக்கு. புதுசா நடக்கிறதுதான் நிக்கல. அஞ்சு நிமிஷம், மிஞ்சிப்போனா பத்து. திருப்பித் திருப்பிக் கேப்பாங்க, நீங்க ஒண்ணும் காட்டிக்காதீங்க. தண்ணி ரொம்ப நாள் தேங்கி நின்னுருக்காம். மூணு மாசம் முன்னாடி வந்திருந்தா இவ்வளவு ஆகியிருக்காதுங்கிறார் டாக்டர். திரும்பி வரலாம், வராமலும் போகலாம்னு சொல்றார்." லிஃப்ட் வரவில்லை. நாலாவது மாடியில் நின்றது, மூன்றில் நின்றது. "ஆன்ட்டி, அம்மா ஹேண்ட்பேக்ல ஸ்கேன் சீட்டு இருந்துச்சு. அக்டோபர் தேதி போட்டு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. ஏன் போகலைன்னே தெரியலை. உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?" இதோ, கேள்வி தானாக வந்து நிற்கிறது, வாசல் திறந்து கிடக்கிறது, உள்ளே போக வேண்டியதுதான். "இல்லையேம்மா" என்றாள் பூங்கோதை. "அவங்களுக்குத்தான் எல்லாமே தள்ளிப்போடணும். நீங்க தினமும் மாத்திரை குடுத்துப் பாத்துக்கிட்டீங்கன்னு சொல்லியிருக்காங்க ஆன்ட்டி. நான் பக்கத்துலயே இருந்துட்டு கவனிக்கலை. நீங்களாவது கவனிச்சீங்க." அந்தப் பெண் அழவில்லை, அழுது முடித்த குரலில் சொன்னது. லிஃப்ட் வந்தது.

நாலு மாடி ஏறுகிற நேரத்தில் என்னென்ன நினைக்க முடிகிறது மனுஷிக்கு. அஞ்சு நிமிஷம், மிஞ்சிப்போனால் பத்து. அப்படியென்றால் சொல்லலாம். சொன்னால் பத்து நிமிஷத்தில் மறந்துவிடுவாள். அவள் திட்டினால் அந்தத் திட்டு பத்து நிமிஷம், அழுதால் அழுகை பத்து நிமிஷம். சொன்னதாகவும் ஆகும், சொல்லாததாகவும் ஆகும். சே, என்ன புத்தி இது. மறந்துவிடுவாள் என்று தெரிந்து சொல்வது சொல்வதாகுமா. அப்போ சொல்லாமல் இருந்தால் மட்டும் யோக்கியமா. மறந்துவிடுவாள் என்பதாலேயே சொல்லக்கூடாது என்றால், அதைவிட வசதியான நியாயம் வேறு எது. எந்தப் பக்கம் திரும்பினாலும் லாபம் தனக்குத்தான் வருகிறது, அதுதான் பயமாக இருந்தது. ஒருவேளை மன்னித்துவிட்டால். விடுடி, நீயா செஞ்ச என்று சொல்லிவிட்டால். சொல்லக்கூடியவள்தான். அந்த ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டு போய்விடலாம், அவள் மறந்தால் என்ன, இவளுக்கு ஞாபகம் இருக்கும், போதாதா. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுப்பாக மட்டும் இருந்தால் பரவாயில்லை, இது எந்நேரமும் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது. லிஃப்ட்டில் ஒரு ஸ்ட்ரெச்சர் இருந்தது, அதில் ஆள் இல்லை, மடித்த பச்சைத் துணி மட்டும். பூங்கோதை அதைத் தொடாமல் ஓரமாக ஒட்டி நின்றாள்.

கட்டில் சன்னல் பக்கம் இருந்தது. தலைமாட்டில் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு பேப்பர் ஒட்டியிருந்தது. அம்மா, நீ ஆஸ்பத்திரியில் இருக்கே. தலையில் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிடுச்சு. பயப்படாதே. நான் பக்கத்துலதான் இருக்கேன், அபி. அதைப் படித்த பிறகுதான் கட்டிலில் இருந்தவளைப் பார்க்கத் துணிந்தாள். மொட்டை. காது இரண்டும் பெரிதாய்த் தெரிந்தன, இத்தனை வருஷம் அந்தக் காதுகளை முடிக்கு நடுவில்தான் பார்த்திருக்கிறாள். வகிடு எடுக்கிற இடத்தருகே முன்பக்கத்திலிருந்து பின்னால் வளைந்துபோன தையல். முகம் உப்பியிருந்தது. ஆனால் கண் அதேதான், ரயில் பெட்டியைத் தலையெண்ணுகிற கண். "வந்துட்டியா!" என்றாள் தமயந்தி. குரல் கொஞ்சம் குழறியது, சந்தோஷம் குழறவில்லை. "கோதை வந்துட்டாடி அபி. உக்காருடி. என்னாச்சு தெரியுமா எனக்கு, தலையில ஏதோ ஆபரேஷனாம்." பேப்பரைக் காட்டினாள், புதுச் செய்தி சொல்கிற மாதிரி. ஆமாடி, எல்லாம் சரியாயிடும் என்றாள் பூங்கோதை. கையைப் பிடித்துக்கொண்டாள், மருந்து ஏற்றிய இடமெல்லாம் நீலமாய்க் கன்றிய கை. எஸ்தர் வராளா, அவ பையன் பாஸ் பண்ணிட்டானா என்று தமயந்தி விசாரித்தாள். அவன் பாஸ் பண்ணி நாலு வருஷமாகி வேலைக்கும் போய்விட்டான். பாஸ் பண்ணிட்டான் என்றாள் பூங்கோதை. அபி சாப்பிட்டாளான்னு கேளு, எங்கிட்ட சொல்ல மாட்டா. சாப்பிட்டேன்மா என்றாள் அபிநயா. பூங்கோதை எடுத்து வைத்த சாத்துக்குடியைப் பார்த்துத் தமயந்தி சிரித்தாள், ரயிலில் வித்ததா, மூணு சொத்தையா இருக்கும் பாரு. அப்புறம் தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தாள். உதடு அசையப் படித்தாள். கண் விரிந்தது. "கோதை" என்றாள் மெதுவாக, பயந்துபோய், "எனக்குத் தலையில ஆபரேஷனாடி?" அபிநயா திரும்பிக்கொண்டாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை இவள் இந்தச் செய்தியை முதல் தடவையாகக் கேட்கிறாள். ஆமாடி, எல்லாம் சரியாயிடும் என்று பூங்கோதை அதே வார்த்தையை மறுபடி சொன்னாள். சொல்லும்போதே தெரிந்தது, இவளிடம் இன்று வேறெதையும் சொல்லக்கூடாது, சொன்னால் பாவம்.

"ஆன்ட்டி, பத்து நிமிஷம் இருக்கீங்களா, கீழே போய் மருந்து வாங்கிட்டு வந்துடறேன்" என்று அபிநயா போனாள். கட்டிலைச் சுற்றி இழுத்துவிட்ட திரைக்குள் இருவர் மட்டும். ரயிலில் அறுபது பேருக்கு நடுவில் ரகசியம் பேசியவர்கள். தமயந்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிரியமாக, குழந்தை பார்ப்பது போல. அந்தப் பார்வையைத்தான் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் உட்கார்ந்திருக்கலாம். "நீ இளைச்சுட்டடி" என்றாள் தமயந்தி, "உடம்புக்கு என்ன?" அவ்வளவுதான், சொல்லக்கூடாது என்று ஒரு நிமிஷம் முன்னால் செய்த முடிவு எங்கே போனதோ. நல்லதுக்குச் சொன்னாளா, தன் பாரத்தை இறக்கி வைக்க ஆஸ்பத்திரிக் கட்டில்தான் கிடைத்ததா, அதையெல்லாம் நினைக்க நேரமில்லை, வாய் திறந்து கொட்டிவிட்டது. "தமா, உனக்கு ஆறு மாசமா தலைவலி இருந்துச்சு. எங்கிட்ட தினம் சொன்ன. நான் மாத்திரை குடுத்தேன். நீ ஸ்கேனுக்கு டோக்கன் போட்ட. ஆயுத பூஜைக்குக் கோலம் போட ஆள் இல்லைன்னு நான்தான் உன்னைப் போக வேணாம்னேன். தலையில ஒண்ணும் இல்லை, நான் சொல்றேன்னேன். அன்னைக்குப் போயிருந்தா உனக்கு இப்படி ஆகியிருக்காது. என்னை மன்னிச்சிடுடி." சொல்லி முடித்தபோது, ஆவடியும் வில்லிவாக்கமும் தின்றதெல்லாம் திரும்பி வந்து முழுசாகச் சொல்லிவிட்டது தெரிந்தது. ஒரு கணம் உடம்பு லேசானது, அந்தக் கணத்துக்காக அவள் தன்னைப் பிற்பாடு மன்னிக்கவே மாட்டாள்.

தமயந்தி கரும்பலகையில் எழுதிய கணக்கைப் பின்னால் தள்ளி நின்று பார்ப்பவள் மாதிரி பார்த்தாள். "எத்தனை மாசம்?" என்றாள். "எது?" "நீ போக வேணாம்னு சொன்னதுக்கும் இந்த ஆபரேஷனுக்கும் நடுவுல." குரல் குழறவில்லை. மூணு மாசம் என்றாள் பூங்கோதை. "மூணு மாசம்" என்று தமயந்தி தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். கையைத் தூக்கித் தலையைத் தொட்டாள், தையல்மேல் விரல் நடந்தது, நின்றது. "அபிக்கு யாருடி இருக்கா? அவ அப்பா இல்லைன்னு உனக்குத் தெரியுமில்ல. நான் ஒருத்திதானேடி." கண்ணிலிருந்து நீர் காதை நோக்கி வழிந்தது, துடைக்கவில்லை. "கோலத்துக்கா?" என்றாள். விடுடி என்று சொல்வாள், இதோ சொல்லப் போகிறாள் என்று அந்த நிமிஷத்திலும் பூங்கோதை காத்துக்கொண்டிருந்தாள், வெட்கமில்லாமல் காத்துக்கொண்டிருந்தாள். "உன்னை நம்பினேனேடி" என்றாள் தமயந்தி. "போயிடு கோதை. நீ இங்க இருக்காத." பிடித்திருந்த கையை இழுத்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிப் படுத்தாள். தோள் குலுங்கியது. தைத்த தலை அழும்போது வலிக்குமே, ஐயோ, இப்படி அழக்கூடாதே இவள், யாரையாவது கூப்பிட வேண்டுமா என்று பதறிப்போய் எழுந்தாள் பூங்கோதை. பையை எடுத்தாள். சாத்துக்குடியை அங்கேயே வைப்பதா எடுத்துப் போவதா என்று தெரியாமல் நின்றாள். போயிடு என்றால் போக வேண்டும். கேட்டது கிடைத்துவிட்டது, மன்னிப்பாக வரவில்லை, தீர்ப்பாக வந்திருக்கிறது, அதுவும் நியாயமான தீர்ப்பு. அதைக் கொடுத்தவள் பழைய தமயந்தி, கணக்குத் தப்பாத தமயந்தி, ஆறு மாசத்துக்கு அப்புறம் அவள் முழுசாய் வந்து பேசியது இதைச் சொல்லத்தான்.

திரையை விலக்கிக்கொண்டு நர்ஸ் வந்தாள். "எப்படி இருக்கீங்க டீச்சர் இன்னைக்கு, இந்தப் பக்கம் திரும்புங்க" என்று பேசிக்கொண்டே தோளைத் தொட்டுத் திருப்பினாள். கையில் பட்டையைக் கட்டி பிரஷர் பார்த்தாள், டார்ச் அடித்து ஒரு கண்ணைப் பார்த்தாள், மறு கண்ணைப் பார்த்தாள், என் விரலைப் பாருங்க, இது என்ன மாசம், எழுபத்தெட்டையும் பதினேழையும் கூட்டினா எவ்வளவு. தொண்ணூத்தஞ்சு என்றாள் தமயந்தி. மாசத்துக்குப் பதில் வரவில்லை. நர்ஸ் எழுதிக்கொண்டு போனாள். பூங்கோதை திரையோரம் நின்றிருந்தாள், நர்ஸ் நகர்ந்தால் போய்விடலாம் என்று நின்றவள் நர்ஸ் போனபின்னும் நின்றாள். கட்டிலிலிருந்து தமயந்தி தலையைத் திருப்பினாள். அவளைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது, கொஞ்சமும் மிச்சம் வைக்காமல் முழுசாக மலர்ந்தது. "கோதை! வாடி! ஏன் அங்கேயே நிக்கற, உள்ள வா, உக்காரு." போயிடு என்று சொன்னவள் இல்லை. அவள் எங்கேயும் இல்லை, இந்த உலகத்தில் அந்த வார்த்தை இப்போது பூங்கோதை ஒருத்தியிடம்தான் இருந்தது, அதற்குக் கட்டுப்பட வேண்டுமானால் இவள்தான் கட்டுப்பட வேண்டும். கட்டுப்படவில்லை. போய் உட்கார்ந்தாள். தமயந்தி அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். மறு கையால் தன் கன்னத்தைத் தொட்டாள், காதுக்குப் பக்கத்தில் தொட்டாள், விரலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். தலையணையும் நனைந்திருந்தது. "ஈரமா இருக்குடி" என்றாள் குழப்பத்தோடு. "நான் அழுதேனா?"

பூங்கோதை முந்தானையால் அந்தக் கன்னத்தைத் துடைத்தாள்.

"எதுக்குடி அழுதேன்? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"தெரியலையே தமா" என்றாள் பூங்கோதை. "நான் இப்பத்தான் வந்தேன்."